கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்

அலங்காநல்லூர் என்றவுடன் எவர் கண்முன்னும் வந்து நிற்பது வாடிவாசலும், அதன் வழியே சீறிப் பாயும் காளைகளுமே. தை மூன்றாம் நாளில் அவ்வூரின் மாடிகளிலும் பரண்களிலும் நின்று பார்ப்போர் தொகை சொல்லி முடியாது. வெளிநாட்டாரும் வந்து பார்க்கின்றனர். 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அருகிலுள்ள கீழக்கரையில் இதற்கெனப் பேரரங்கம் ஒன்றும் திறக்கப்பட்டது. பார்ப்பதற்கென்றே இத்தனை மக்கள் கூடும் அந்தப் பகுதியில்தான், கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கத் தவறிய பங்குக் குருவாக நான் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்களுக்குப் போதனை செய்ய இதனை நான் எழுதவில்லை. காலந் தாழ்த்திச் செய்யும் ஒரு பாவசங்கீர்த்தனம் என்றே இதனைக் கொள்ளுங்கள்.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஒரு நாள் மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்த நேரத்தில், அப்பகுதி அரிமா சங்கத்தின் செயலாளர் என்னைக் காண வந்தார். கடைவீதியில் உரக்கடை வைத்திருப்பவர், இந்து சமயத்தவர். "சாமி, வருகிற மாதம் இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்று நடத்த இருக்கிறோம். மதுரை அரவிந்த் மருத்துவமனையிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தந்து உதவ வேண்டும்" என்று கேட்டார்.

என் முகம் சற்றே சுருங்கிற்று. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதற் காரணம் பழையது. குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த முதிய தந்தை ஒருவர், இத்தகைய சங்கங்களைப்பற்றி எப்போதும் ஓர் எச்சரிக்கையோடுதான் பேசுவார். அதற்கு ஆதாரமும் இருந்தது. குருக்கள் ரோட்டரி சங்கத்தில் உறுப்பினராதல் ஆகாது என்னும் உரோமையின் ஆணை 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியாயிற்று. சமய வேறுபாடு பாராத இச்சங்கங்களில் விசுவாசம் நீர்த்துப் போகுமோ என்னும் அச்சம் அக்காலத்தில் திருச்சபைக்கு இருந்தது. பின்னர் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடியது; காலம் மாறியது. 1979-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உரோமையில் ரோட்டரி உலக மாநாடு நடந்தபோது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவர்களைச் சந்தித்து உரையாற்றினார். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் இளமையில் காதில் விழுந்த எச்சரிக்கை, அறிவு மாறிய பின்னும் மனத்தின் ஒரு மூலையில் தங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் என் கண்ணால் கண்டது. சங்கத்தார் எது செய்தாலும் அதற்கு முன் பதாகை ஒன்று எழும்பிவிடும். தலைவர், செயலாளர், பொருளாளர் எனப் படங்கள் வரிசையாக நிற்கும். ஒரு தையல் இயந்திரத்தை எட்டுப் பேர் தொட்டுக்கொண்டு நிற்க, அதனைப் பெறும் கைம்பெண் எங்கோ ஓரத்தில் மறைந்து நிற்பாள். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று கற்பித்த ஆண்டவரின் ஊழியனுக்கு இது எப்படிப் பொறுக்கும்?

இதனைச் சற்று நயமாகவே அவரிடம் சொன்னேன். "இடம் தருவதில் தடை இல்லை. ஆனால் கோயில் வளாகத்தில் பெரிய பதாகைகள் வேண்டாம். தருமம் விளம்பரமாகிவிடக்கூடாது பாருங்கள்" என்றேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. "நீங்கள் சொல்வது சரிதான், சாமி. எங்களுக்குள்ளும் அந்தச் சபலம் இருக்கத்தான் செய்கிறது" என்றார். பிறகு தலையை உயர்த்திக் கோயிலின் உட்புறத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "உங்கள் கோயில் மின்விசிறியிலும் இறக்கைக்கு இறக்கை உபயம் எழுதியிருக்கிறதே, சாமி" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. விசிறியில் மட்டுமா? பெஞ்சுகளில், குழல் விளக்குகளில், சுவரில் பதித்த கல்லில், எங்கும் நம் பெயர்களே!

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தடுமாறச் செய்தது. "உங்கள் பங்கில் கண் பார்வை மங்கிய பெரியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், சாமி?"

சற்று யோசித்தேன். "பெரிதாக யாரும் இருப்பதாகத் தெரியவில்லை" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய குறிப்பேடு ஒன்றை எடுத்தார். தெருவாரியாகப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. நம் சபையைச் சேர்ந்தவர்கள் மட்டும் ஐந்து பேர். முதற் பெயரைக் கேட்டதும் நான் திகைத்தேன். நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு முதல் ஆளாக வந்து, முதல் வரிசையில் அமரும் ஒரு மூதாட்டியின் பெயர் அது. கணவர் இறந்தபின் தனியே ஒரு குடிசையில், நான்கைந்து கோழிகளை வளர்த்துக்கொண்டு, முதியோர் உதவித்தொகையில் வாழ்ந்தவர்.

"அவர் தினமும் பூசைக்கு வருகிறாரே! கண் தெரியாதவரா?" என்றேன்.

"ஒரு கண்ணில் நிழல் மட்டும் தெரிகிறது, மற்றொன்றில் அதுவும் இல்லை. எங்கள் கடைக்குப் பக்கத்து மளிகைக் கடையில்தான் சாமான் வாங்குவார். உள்ளங்கையில் பணத்தையெல்லாம் வைத்து நீட்டி, 'நீயே எடுத்துக்கப்பா' என்பார். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்" என்றார் அவர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பக்தி மிகுதியால் முதல் வரிசையில் அமர்கிறார் என்று நான் எண்ணியிருந்தேன். ஒவ்வொரு தூணையும் தொட்டு வருவதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று எண்ணியிருந்தேன். நன்மை வாங்க வரும்போது முன்னால் இருப்பவரின் முந்தானையைப் பற்றிக்கொள்வதை, முதுமையின் தளர்ச்சி என்று எண்ணியிருந்தேன். எத்தனை நூறு நாட்கள் அவர் நாவில் ஆண்டவரின் திருவுடலை வைத்திருப்பேன்! ஒரு சாண் தொலைவில் இருந்த அந்தக் கண்களை ஒரு நாளாவது நான் நோக்கியதில்லை.

நம் வின்சென்ட் தே பவுல் சபையாரும் வாரந்தோறும் கூடிவந்தனர். செபம் சொல்லி, அறிக்கை வாசித்து, உண்டியலை எண்ணி முடித்தனர். ஆனால் அச்சபையின் தோற்றத்தை நாங்கள் மறந்திருந்தோம். 1833-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில், இருபதே வயதான மாணவர் பிரெடெரிக் ஓசானாம் தம் தோழர்களோடு அதனைத் தொடங்கியபோது, ரொசாலி ரெந்து என்னும் அருட்கன்னியே அவர்களுக்கு வழிகாட்டினார். ஏழைகளின் இல்லங்களுக்கு நேரில் செல்லுதலே அவர்கள் மேற்கொண்ட முதற்பணி. நாங்களோ இல்லந்தேடிச் செல்வதை விட்டுவிட்டு, கூட்டம் கூடுவதை மட்டும் தவறாமல் செய்துவந்தோம். இல்லந்தோறும் சென்றவர் உரக்கடைக்காரரே.

அரிமா சங்கத்தாருக்கும் கண் பணிக்கும் உள்ள தொடர்பைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். 1917-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் வணிகர்கள் சிலர் ஒன்று கூடித் தொடங்கியது அச்சங்கம். தங்கள் தொழில் வளர்ச்சியை மட்டும் பேசிக்கொண்டிராமல் ஊருக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்பதே அவர் கருத்து. 1925-ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்தில் கூடிய அவர்களது மாநாட்டில், கண்ணும் காதும் இழந்த எலன் கெல்லர் அம்மையார் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாற வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோளை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். 1956-ஆம் ஆண்டு பம்பாயில் முதற் சங்கம் தோன்றி, இந்திய மண்ணிலும் அப்பணி வேரூன்றியது. ரோட்டரி சங்கத்தார் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1985-ஆம் ஆண்டில் மேற்கொண்ட பெருமுயற்சியும் இத்தகையதே. அரசும் ஊழியர்களும் உலக அமைப்புகளும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, 2011-ஆம் ஆண்டு சனவரிக்குப் பின் நம் நாட்டில் இயற்கையான போலியோக் கிருமியால் எக்குழந்தையும் முடமாகவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதற்குச் சான்றிதழும் கிடைத்தது.

முகாம் நாள் வந்தது. காலைத் திருப்பலி முடிந்து நான் பள்ளிக்குச் சென்றபோது, வரிசை வாயிலைத் தாண்டி வளைந்து நின்றது. கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் உழைத்துத் தேய்ந்த முதியோரே பெரும்பாலோர். முதல் அறையில் பெயர்ப் பதிவு. அடுத்ததில் எழுத்தறியாதவருக்கும் புரியும் குறிகளைக் காட்டிப் பார்வைச் சோதனை. பிறகு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல். இறுதியில் மருத்துவரின் பரிசோதனை. கண்புரை முற்றியவர்களை அன்றே பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் செல்வர். அறுவை, தங்குமிடம், உணவு, மருந்து, திரும்பிவரும் பயணம் எதற்கும் கட்டணம் இல்லை. மருத்துவர்களையும் கருவிகளையும் அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு. இடம் தேடுவது, ஊர் ஊராகச் செய்தி சொல்வது, வரிசையை ஒழுங்கு செய்வது, வந்தவருக்கு உணவளிப்பது ஆகியன சங்கத்தாரின் பொறுப்பு. இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாகவே நடந்துவருகிறது.

அம்மருத்துவமனையின் வரலாறும் நாம் அறியத்தக்கதே. டாக்டர் கோ. வெங்கடசாமி இளமையிலேயே மூட்டு வாத நோயால் கைவிரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களைக் கொண்டே கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவை நிபுணரானார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. 1992-ஆம் ஆண்டில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை மதுரையிலேயே செய்ய அந்நிறுவனத்தார் ஏற்பாடு செய்தபின், வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்த அப்பொருள் ஏழைக்கும் கிட்டிற்று. 2006-ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

ஆனால் அவரும் அவரது குழுவினரும் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை. பேருந்துச் செலவுக்கு எங்கே போவது? ஒரு நாள் கூலி போய்விடுமே! துணைக்கு யார் வருவார்? கண்ணைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது? அறுவை செய்ய நிபுணர் இருந்தும், வில்லை இருந்தும், கட்டில் இருந்தும், இக்கேள்விகளுக்கு விடை கூற ஆள் இல்லையேல் நோயாளி தம் திண்ணையிலேயே இருந்து இருண்டு போவார்.

நம் மூதாட்டியும் முகாமுக்கு வரவில்லை. நான் உபதேசியாரை அனுப்பினேன். "சாகப்போற வயசுல கண்ணு எதுக்கு? கோழியை யாரு அடைக்கிறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் கடமை முடிந்தது என்று நான் நினைத்தேன். செயலாளரோ அப்படி நினைக்கவில்லை. அதற்கு முன்பே மூன்று முறை அக்குடிசைக்குச் சென்றிருந்தவர், முகாம் நடந்துகொண்டிருக்கும்போதே நான்காம் முறையாகத் தம் மனைவியோடு சென்றார். "ஆத்தா, கோழியை நான் அடைக்கிறேன். உனக்குத் துணையாக இவள் வருகிறாள். ஊசி போடும்போது வலித்தால் இவள் கையைக் கிள்ளிக்கொள்" என்று அவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நண்பகலில் அந்த அம்மையாரின் கையைப் பிடித்தவாறு மூதாட்டி பள்ளி வாயிலுக்குள் வந்தார். மாலையில் பேருந்து புறப்பட்டபோது சன்னலோரத்தில் அவர் அமர்ந்திருக்க, பக்கத்து இருக்கையில் அந்த அம்மையார் அமர்ந்திருந்தார். மருத்துவமனையில் சேர்த்து, கட்டில் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவர் திரும்பினார். நெற்றியில் குங்குமம் துலங்கிய அவருடைய கையில் நம் மூதாட்டியின் செபமாலை இருந்த காட்சியை நான் மறக்க முடியாது. வண்டி ஏறும்போது தவறவிடாதிருக்க அவரிடம் கொடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் பேருந்து திரும்பியது. கறுப்புக் கண்ணாடி அணிந்து மூதாட்டி இறங்கினார். யார் கையையும் பற்றாமல், மெல்ல நடந்து கோயில் படி ஏறி, பீடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி, உங்களுக்கு இம்புட்டு நரைச்சிருச்சா!" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர். நான் அவ்வூருக்கு வந்த ஆண்டில் அவர் என்னைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பின் குரலை மட்டுமே கேட்டிருக்கிறார்.

அதோடு நின்றிருந்தால் இது ஒரு மகிழ்ச்சிக் கதையாகவே முடிந்திருக்கும். அவர் மேலும் ஒன்று சொன்னார். அதனைச் சொல்லவே இத்தனையும் எழுதினேன்.

அதற்கு முந்தின ஆண்டு ஒரு ஞாயிறன்று, காணிக்கைத் தட்டில் நான்காய் மடித்த நூறு ரூபாய்த் தாள் ஒன்றை அவர் இட்டார். பெட்டி எண்ணிய உபதேசியார் என்னிடம் வியந்து சொன்னார். மறு ஞாயிறு மறையுரையில், எருசலேம் ஆலயத்தில் இரண்டு செப்புக்காசுகளை இட்ட கைம்பெண்ணைப்பற்றி நான் பேசினேன். அத்தகையவர் நம் நடுவிலும் இருக்கிறார் என்று சொல்லி, முதல் வரிசையை நோக்கிக் கையும் காட்டினேன். செல்வந்தர் சிலருக்கு அது உறைக்கட்டும் என்பது என் எண்ணம்.

"அது பத்து ரூபாய்னு நெனைச்சுத்தான் சாமி போட்டேன்" என்றார் மூதாட்டி, ஏதோ வேடிக்கையைச் சொல்பவர்போல. "வீட்டுக்குப் போயி மளிகைக் கடைத் தம்பிகிட்ட மிச்சத்தை நீட்டினப்பத்தான் தெரிஞ்சுச்சு. திருப்பிக் கேக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க பிரசங்கத்துல அப்படிச் சொன்னதுக்கப்புறம் எப்படிக் கேக்குறது? அந்த மாசக் கடைசியில கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. ஒரு கோழியை வித்தேன். போகுது விடுங்க சாமி, இப்ப எல்லாம் வெளிச்சமாத் தெரியுது."

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பசித்திருந்த ஒருத்தியை நான் புகழ்ந்திருக்கிறேன். என் புகழ்ச்சியாலேயே அவர் வாயை அடைத்திருக்கிறேன். தட்டில் விழுந்த தாளைப் பார்த்தேன். அதனை இட்டவரின் கண்ணைப் பார்க்கவில்லை. பதாகை வேண்டாம் என்று மற்றவர்களுக்குக் கட்டளையிட்ட நான், ஓர் ஏழையின் வறுமையை என் மறையுரைக்குப் பதாகையாக்கியிருக்கிறேன்.

இறுதித் தீர்வையைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை அன்றிரவு மீண்டும் படித்தேன். வலப்புறத்தாரும் இடப்புறத்தாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: உம்மை எப்போது நாங்கள் கண்டோம் என்று. இடப்புறத்தார் கொடியவர் என்று அங்கே கூறப்படவில்லை. காணவில்லை என்பதே அவர்கள் சொல்லும் சாக்கு. அந்தச் சாக்கு ஏற்கப்படவில்லை. எனக்குத் தெரியாது என்று செயலாளரிடம் நான் சொன்ன விடையும் அவ்வகையைச் சேர்ந்ததே அன்றோ?

மாற்கு எழுதிய நற்செய்தியில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. நம்மோடு சேராத ஒருவன் பேய்களை ஓட்டுகிறான், அவனைத் தடுத்தோம் என்று அருளப்பர் பெருமையாகச் சொல்ல, தடுக்க வேண்டாம் என்று ஆண்டவர் திருத்துகிறார். அதற்குச் சற்று முன்னர், பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு குணமாக்குகிறார். உடனே குணமாக்கிவிடவில்லை. முதலில் அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். பல முறை இப்பகுதியைப்பற்றிப் பிரசங்கித்த நான், அந்தக் கைப்பிடிப்பைக் கவனித்ததில்லை. உரக்கடைக்காரரும் அவர் மனைவியும் அதனைச் செய்து காட்டிய பின்னரே எனக்கு அது விளங்கிற்று.

இதனால் நம் சபைகளைக் கலைத்துவிட்டுச் சங்கங்களில் சேருங்கள் என்று நான் கூறவில்லை. சங்கங்களிலும் வீண் ஆரவாரம் உண்டு. பொன்னாடைக்காகவே வருவோரும் உண்டு. ஆயினும் நன்மை செய்வோர் எவராயினும் அவர்களுக்கு நம் பள்ளிக்கூடத்தையும் நம் கரங்களையும் மகிழ்வோடு கொடுப்போமாக. அதைவிட முக்கியமாக, நம் வீட்டுப் பெரியவர்களை நாமே முதலில் கவனிப்போமாக. அரிசியில் கல் பொறுக்கும் பாட்டி அதனை நிறுத்திவிட்டாரா? காப்பி ஊற்றும்போது வெளியே சிந்துகிறதா? மாலை ஆனதும் வாயிற்படியைத் தடவுகிறாரா? குரல் கொடுத்த பின்பே பேரனை அடையாளம் காண்கிறாரா? இவை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். கண்ணில் எண்ணெயும் பச்சிலைச் சாறும் விட்டுக்கொண்டு காத்திராதீர்கள். கண்புரையால் போன பார்வையைப் பெரும்பாலும் ஒரு சிறிய அறுவையால் மீட்கலாம். கண் நீர் அழுத்த நோயால் போன பார்வையோ மீளாது. அதனை முன்னதாகவே கண்டு தடுத்தல் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைக் காட்டிக்கொள்வது கட்டாயம்.

கண் நோயாளருக்குப் பாதுகாவலியான புனித லூசியம்மாளின் திருநாள் டிசம்பர் 13. அவ்வூரைவிட்டு மாறிய பின், நான் பணியாற்றும் பங்குகளில் அந்நாளுக்கு முன்னதாக வின்சென்ட் சபையாரும் இளைஞரும் தெருத்தெருவாகச் சென்று பெரியவர்களின் பெயர்களைக் குறித்துவருகின்றனர். நானும் ஒரு தெருவுக்குச் செல்கிறேன். என் சட்டைப் பையிலும் இப்போது சிறிய குறிப்பேடு ஒன்று இருக்கிறது.

அந்த மூதாட்டி சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டவரில் துயில்கொண்டார். அடக்கத்திற்குச் சென்றிருந்தேன். பாடையைச் சுமந்த நால்வரில் ஒருவர் உரக்கடைக்காரர். வழியில் என்னருகே வந்து, "ஆத்தா கடைசி வரைக்கும் தன் கையாலேயே காசை எண்ணிக் கொடுத்தாள், சாமி" என்றார்.

எரிக்கோ வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்றவன் ஆண்டவரிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. அதே வரத்தைக் கண்ணுள்ள நாமும் நாள்தோறும் கேட்போமாக.